மைக் முன்னால் ஐந்து நிமிடம்: கேள்வி – பதில்

(இந்த வாரம், ஸ்டாண்ட்-அப் காமெடி பழகுகிறவர்களின் கேள்விகளுக்கு மட்டும்.)

கல்லூரி மாணவர், திருச்சி

கே: ஓப்பன் மைக் மேடையில் யார் வேண்டுமானாலும் ஏறலாமா?

ப: ஏறலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்து ஸ்பாட் வாங்கிவிட்டால் நான்கைந்து நிமிடம் உங்களுடையது. அதற்கு மேல் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்குப் பின்னால் காத்திருப்பவருடையது. கடைசி வரிசையிலிருந்து செல்போன் டார்ச் மின்னினால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். ஜோக்கை முடித்து, நன்றி சொல்லி இறங்கிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு இறங்குகிறவரைத்தான் நடத்துகிறவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை

கே: என்னிடம் இருபது நிமிடத்துக்குச் சரக்கு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் என்னத்தைச் சொல்ல?

ப: இருபதில் நல்ல ஐந்து எது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மேடை. லண்டனில் 1979-ல் திறந்த காமெடி ஸ்டோரில், கூட்டத்துக்குப் பிடிக்காவிட்டால் சேகண்டி அடித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். புதியவர்களுக்கான இரவில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தாலே அங்கே வெற்றி. நம் ஊரில் சேகண்டி கிடையாது, பொறுமையாகக் கேட்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு நாம் தரும் மரியாதை, தேறாத ஜோக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது.

இன்னொன்று: வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது நான்கு நிமிடம் வருகிற மாதிரி எழுதுங்கள். சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை நிற்க வேண்டும். அந்த நேரமும் உங்கள் ஐந்துக்குள்தான்.

பள்ளி ஆசிரியை, மதுரை

கே: தோழிகளிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அதே கதையை மேடையில் சொன்னால் சத்தமே இல்லை. ஏன்?

ப: உங்கள் தோழிகளுக்கு உங்கள் தலைமையாசிரியரைத் தெரியும், அவர் குரல் தெரியும், நீங்கள் எதற்கு எரிச்சல்படுவீர்கள் என்பதும் தெரியும். பாதி ஜோக்கை அவர்களே மனதுக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அரங்கில் இருப்பவர்களுக்கு உங்களையே தெரியாது. நீங்கள் யார், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பதை முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள். கதை வளர வளர, தெரியாதவர்களும் தோழிகள் ஆகிவிடுவார்கள்.

வாசகர், கோயம்புத்தூர்

கே: செட் முடிந்ததும் 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால், எல்லோரும் 'சூப்பர் ப்ரோ' என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ப: ஒன்றும் செய்ய முடியாது. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். 'எந்த இடத்தில் கவனம் சிதறியது?' 'முடிவு எந்த வரியிலேயே தெரிந்துவிட்டது?' 'நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று குழப்பமாக இருந்ததா?' இப்படி மூன்று கேள்வியோடு போங்கள். கேட்கப்படுகிறவரும் யோசித்துப் பதில் சொல்வார்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு செட்டையும் போனில் பதிவு செய்வது. மறுநாள் காலையில் எழுதி வைத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரிய சிரிப்புக்கு இரண்டு டிக், சின்னச் சிரிப்புக்கு ஒன்று, அமைதிக்கு ஒரு பூஜ்யம். பூஜ்யங்கள் வரிசையாக வரும் இடத்தில் கத்திரி போட வேண்டும். அதே பதிவில் இன்னொன்றும் காதில் விழும்: சிரிப்பு கிளம்பும்போதே நீங்கள் அடுத்த வரியைத் தொடங்கி அதை அமுக்கியிருப்பீர்கள். புதியவர்களில் பலர் இப்படித் தங்களுக்கு வந்த சிரிப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். இதை நண்பர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், பதிவு சொல்லிவிடும்.

வாசகர், சேலம்

கே: 'ஜோக்கை இன்னும் இறுக்கு' என்கிறார்கள். எப்படி இறுக்குவது? ஓர் உதாரணம் தர முடியுமா?

ப: தாராளமாக. ஒரு புதியவர் இப்படி எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"எங்க வீட்டுல அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட். மிடில் கிளாஸ் குடும்பம்னா உங்களுக்கே தெரியும். என்கிட்ட நேரா பேசவே மாட்டாரு. போன மாசம் அம்மா ஊருக்குப் போயிருந்தப்ப, அம்மாவுக்கு போன் பண்ணி, ஃபேனை ஆஃப் பண்ணச் சொல்லு அவனைன்னு சொன்னாரு, நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன், அவ்வளவு ஈகோ அவருக்கு."

விஷயம் நல்ல விஷயம். ஆனால் 'ஸ்ட்ரிக்ட்', 'மிடில் கிளாஸ்' இரண்டும் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். இந்த அப்பாவைக் காட்டவில்லை. மகன் எதிரிலேயே இருக்கிறான் என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியது, கடைசியில் வருகிறது. 'ஈகோ' என்ற விளக்கம் சிரிக்கப் போனவரை உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறது. திருத்திப் பார்ப்போம்:

"எங்கப்பா என்கிட்ட நேரா பேச மாட்டாரு. நான் எதிர்லயே உக்காந்திருப்பேன். அம்மாகிட்ட, 'அவனைச் சாப்பிடச் சொல்லு'ம்பாரு. போன மாசம் அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அப்பா என்னைப் பார்த்தாரு. ஃபேனைப் பார்த்தாரு. போனை எடுத்து அம்மாவுக்கு அடிச்சாரு."

இங்கே நிறுத்த வேண்டும். சிரிப்பு வரட்டும், அடங்கட்டும். பிறகு: "அடுத்த நிமிஷம் என் போன் அடிக்குது. அம்மா."

'ஃபேனை நிறுத்து' என்ற வார்த்தையே இப்போது இல்லை. அதைக் கூட்டம் கண்டுபிடித்துக்கொள்கிறது. தானே கண்டுபிடித்ததற்குத்தான் மனிதர் வாய்விட்டுச் சிரிப்பார். கடைசியாகச் சேர்ந்த வரிக்கு மேடைக்காரர்கள் 'டேக்' என்பார்கள். புதிதாக எதையும் விளக்காமல், இருக்கிற ஜோக்கிலிருந்தே இன்னொரு சிரிப்பு.

வாசகி, புதுச்சேரி

கே: ஒருவர் 'அந்த வரியை எடுத்துடு' என்கிறார். இன்னொருவர் 'அதுதான் பெஸ்ட்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ப: இரண்டு பேருமே அந்த வரியைக் கவனித்திருக்கிறார்கள். எனவே அங்கே ஏதோ இருக்கிறது. எடுக்காதீர்கள், மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொதுவாக, 'இங்கே எனக்குப் புரியவில்லை' என்று ஒருவர் சொன்னால் அப்படியே நம்புங்கள், அது அவர் அனுபவம். 'இதை இப்படி மாற்று' என்று சொன்னால் நன்றி சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள், அது அவர் ஜோக். வெவ்வேறு மூன்று கூட்டத்தின் முன் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மழை நாளில் எட்டுப் பேர் மட்டும் வந்த கஃபேயில், பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஜோக்குக்கும் நியாயம் கிடைக்காது.

வாசகர், திருநெல்வேலி

கே: எங்க ஊர்ப் பேச்சு சென்னையில் எடுபடுமா? பாதி இங்கிலீஷில் பேசினால்தான் மதிப்பா?

ப: உங்களுக்குக் கோபம் எந்த மொழியில் வருகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள். 'எல்லாரும் என்னலே பாக்கிய?' என்று நீங்கள் கேட்கும் தொனியை வேறு யாராலும் கொண்டுவர முடியாது. ஒரு சொல் புரியாமல் போனாலும், தொனி புரிந்தால் கூட்டம் சிரிக்கும்.

வாசகி, சென்னை

கே: நான் இறங்கியதும், 'பொண்ணா இருந்தும் நல்லா பண்றீங்க' என்றார் ஒருவர். இன்னொருவர் என் உடையைப் பற்றிச் சொன்னார். இதுவும் ஃபீட்பேக்கா?

ப: இல்லை. ஜோக்கைத் தொடாத எதுவும் ஃபீட்பேக் இல்லை. 'நன்றி, செட்டைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருக்காது. அப்படிப் பேசுகிறவரைத் தட்டிக்கேட்பது உங்கள் வேலை இல்லை. அது நிகழ்ச்சி நடத்துகிறவர்களின் வேலை. அவர்கள் அதைச் செய்யாத மேடைக்கு நீங்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை.

வாசகர், வேலூர்

கே: நிறம், உடம்பு, சாதி என்று கலாய்த்தால் உடனே சிரிப்பு வருகிறது. சிரிப்புத்தானே முக்கியம்?

ப: யாருடைய செலவில் என்பதும் முக்கியம். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். ஒடுக்கப்பட்ட பிள்ளை ஒருவன் படித்து முன்னேறும் கதை. கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே தீண்டாமையைக் கேள்வி கேட்டார். சிரிப்பு அந்தப் பிள்ளையின் பக்கம் நின்றது. நம் மேடைக்கு இப்படி ஒரு முன்னோடி இருக்கும்போது, முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் நிறத்தை வைத்துச் சிரிப்பு வாங்குவது நமக்கு அழகில்லை. அப்படி வந்த சிரிப்புக்குத் தாளில் டிக் போடாதீர்கள். அதில் உங்கள் எழுத்து எதுவும் இல்லை.

வாசகர், ஈரோடு

கே: எங்கள் ஊரில் ஓப்பன் மைக்கே கிடையாது. விமர்சனம் கேட்கவும் ஆள் இல்லை. எப்படிப் பழகுவது?

ப: 2020-ல் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' தொடரைப் போடுங்கள். போட்டியாளரின் செட் முடிந்ததும் நிறுத்துங்கள். நீங்கள் நடுவராக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பிறகு கார்த்திக் குமார், பிரவீன் குமார், ராஜ்மோகன் மூவரும் சொல்வதைக் கேட்டு ஒப்பிடுங்கள். அடுத்தவர் ஜோக்கில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கப் பழகிய காது, உங்கள் ஜோக்கிலும் கண்டுபிடித்துவிடும். அதோடு, நான்கு நண்பர்களைச் சேர்த்து மாதம் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் நீங்களே தொடங்கலாம். மைக்கைவிட, காது கொடுத்துக் கேட்கிறவர்கள்தான் அவசியம்.

வாசகர், தஞ்சாவூர்

கே: ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. விட்டுவிடலாமா?

ப: கூடாது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் மார்ட்டின் தம் 18 ஆண்டு ஸ்டாண்ட்-அப் வாழ்க்கைக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்: 10 ஆண்டு கற்றது, 4 ஆண்டு மெருகேற்றியது, மிச்சம் 4 ஆண்டுதான் பெரும் புகழ். ஜெர்ரி சைன்ஃபெல்ட் தொலைக்காட்சியில் உச்சம் தொட்ட பிறகு, பழைய ஜோக்குகளை மூட்டை கட்டிவிட்டுச் சின்ன கிளப்புகளில் புதிதாகத் தொடங்கினார். 2002-ல் வந்த 'காமெடியன்' ஆவணப்படத்தில், அவ்வளவு பெரியவர் நடுச் செட்டில் வரி மறந்து நிற்பதைப் பார்க்கலாம். அவருக்கே அந்த நிலை என்றால், உங்கள் முதல் அமைதி வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய், எந்த வரியில் கூட்டம் கையை விட்டுப் போனது என்று எழுதி வையுங்கள்.

வாசகி, காரைக்குடி

கே: நல்ல செட் ஒன்று அமைந்துவிட்டது. உடனே இன்ஸ்டாகிராமில் போடலாமா?

ப: பொறுங்கள். இணையத்தில் வந்த ஜோக்கை மேடையில் மறுபடி சொன்னால் கூட்டத்துக்கு முடிவு தெரிந்திருக்கும். அது இன்னும் வளர வேண்டிய ஜோக் என்றால், நீங்களே அதன் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

கே: நான் வெறும் பார்வையாளன். புதுப் பிள்ளைகள் திணறினால் பாவம் பார்த்துச் சிரிக்கலாமா?

ப: வேண்டாம் ஐயா. பொய்ச் சிரிப்பு அவர்களுக்குத் தப்பான கணக்கைக் கொடுத்துவிடும். ஆனால் சிரிக்காமலே செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. போனைப் பையில் வையுங்கள், முன் வரிசையில் உட்காருங்கள், பேசுகிறவர் முகத்தைப் பாருங்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் 'ஆமா' போட ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். மைக்கோடு தனியாக நிற்கிற பிள்ளைக்கு அந்த 'ஆமா' உங்கள் பார்வையிலிருந்துதான் வர வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது, நிஜமாகவே பிடித்த ஒரு வரியை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்.

வாசகர், சென்னை

கே: ஓப்பன் மைக்குகளில் நானும் இப்போது கொஞ்சம் சீனியர். புதியவர்கள் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?

ப: முதலில், அவர்கள் செட்டை உள்ளே உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். தன் முறை முடிந்ததும் வெளியே டீ குடிக்கப் போய்விடுகிற சீனியருக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. பார்த்த பிறகு, வேலை செய்த வரி ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், ஏன் வேலை செய்தது என்பதையும் சேர்த்து. பிறகு, சரிசெய்ய வேண்டிய ஒன்றே ஒன்று. பத்துக் குறையை ஒரே ராத்திரியில் கொட்டினால் எதையும் அவர் திருத்த மாட்டார், அடுத்த வாரம் வரவும் மாட்டார். 'நீ இதுக்கு லாயக்கில்லை' என்பதை எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடத்தை வைத்து ஒருவருடைய ஜோக்கை எடை போடலாம், ஆளை எடை போட முடியாது. அடுத்த வாரம் அவர் திருத்திக்கொண்டு வரும்போதும் நீங்கள் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் சேர்த்துத்தான் ஃபீட்பேக்.