உங்கட விருப்பம் ஐயா

திருகோணமலையில் யாத்திரிகர் மடத்தில் தங்குபவரின் நித்திரையைக் கெடுக்க நுளம்பு வேண்டியதில்லை. அறைக்கு எவ்வளவு என்று கேட்டால் பொறுப்பாளர் சொல்லும் மூன்று சொற்களே போதும்: "உங்கட விருப்பம் ஐயா."

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. அநியாயம் என்று முணுமுணுத்தபடியே காசைக் கட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடலாம். மடத்தில் அந்த வசதி இல்லை. கோணேசரைக் கும்பிடக் கொழும்பிலிருந்து மனைவியோடு வந்த மனுசன், பாயில் மல்லாந்து கிடந்து கணக்குப் போடுகிறார். விடுதி விலையில் பாதி கொடுக்கலாமா? ஏசி இல்லை, கழி. குளியலறை பொது, கழி. இரவு இடியப்பமும் சொதியும் தந்தார்கள், கூட்டு. சொதியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கியது நினைவுக்கு வருகிறது. இன்னொரு நூறு கூட்டு. புண்ணியத்தை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்ற இடத்தில் கணக்கு முட்டிக்கொள்கிறது.

இந்த ஊரின் முன்னோருக்கு இத்தனை தலையிடி இருக்கவில்லை. கவிராசவரோதயரின் 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூலைப் புரட்டினால், கோயிலுக்கு யார் என்ன தொண்டு செய்வது, யார் எதைக் கொடுப்பது என்று குளக்கோட்டு மன்னன் வகுத்துவைத்த ஏற்பாடு வரிசையாக வரும். கந்தளாய்க் குளத்தையும் வயல்களையும் கோயிலுக்காக அவன் ஏற்படுத்தினான் என்பது மரபு. கோயில் தொண்டு செய்வோரில் தானத்தாருக்கு ஒரு கடமை, வரிப்பற்றாருக்கு ஒரு கடமை. "விருப்பம்" என்ற பேச்சே இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் வந்து கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு அடுக்கினார்கள். ஏற்பாடும் ஆட்டங்கண்டது.

விருப்பத்துக்கே விடும் இடம் வெளிநாட்டிலும் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ என்ற புண்ணியத்தலத்துக்கு நடந்துபோகும் வழியில் கிரான்யோன் என்றொரு சிற்றூர். அங்கே தேவாலயத்தோடு சேர்ந்த யாத்திரிகர் தங்குமிடத்தில் காணிக்கைப் பெட்டி திறந்தே கிடக்கும். முடிந்ததைப் போடலாம், தேவையானால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். நம்மூர் உண்டியலுக்கு இரண்டு பூட்டு.

மனுசனின் பேர்ஸும் இந்த விஷயத்தில் கைகொடுப்பதில்லை. 1000 ரூபாத் தாள் குறைவோ என்று உறுத்துகிறது. அதற்கு அடுத்து இருப்பதோ 5000. மிச்சம் கேட்கலாம். கேட்டால் அது காணிக்கையா, வாடகையா? அப்பா காலத்து 101 ரூபாவைக் கொடுக்கலாமென்றால், 2022இல் ரூபா சரிந்து விலையெல்லாம் ஏறிய பிறகு அது ஒரு தேங்காய்க்கே காணாது. அந்த ஒற்றை ரூபா மட்டும் இன்னும் மங்களமாகத்தான் இருக்கிறது.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. முல்லைத்தீவு தாண்டி, திருகோணமலை வந்து, வெருகல் முருகனையும் கும்பிட்டுக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் இறங்குகிறவர்கள் அவர்கள். கோயில் மண்டபத்தில் படுப்பார்கள், அன்னதானத்தில் சாப்பிடுவார்கள், "அரோகரா" சொல்லிவிட்டு விடியுமுன் கிளம்புவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாத நடை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் மடத்தில் அடுப்பு எரிகிறது. ஆகவே சம்பளக்காரர் தன் இடியப்பத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அரிசிக் கடைக் கடன் அடைவதில்லை. நம் மனுசனுக்கும் இது விளங்குகிறது. எத்தனை பேருடைய சோற்றுக்குத் தான் பொறுப்பு என்பதுதான் விளங்கவில்லை.

காலையில் பொறுப்பாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்தார். கார்பன் தாளுக்கு அடியில், முந்தின ஆளின் தொகை தலைகீழாகத் தெரிந்தது. மனுசன் கழுத்தைச் சரித்து வாசித்தார்: 5000. கை தானாகவே பேர்ஸுக்குள் போய் ஒற்றைத் தாளை எடுத்து நீட்டியது.

பெயர், முதலெழுத்து எல்லாம் விசாரித்து எழுதி முடித்த பிறகுதான் பொறுப்பாளர் நிமிர்ந்தார். "நல்ல மனம் ஐயா. முந்தநாள் வான் பிடிச்சு இருபது பேர் வந்தவை. அவையும் இவ்வளவுதான் தந்தவை."

பஸ் ஏறும்வரை மனைவி வாய் திறக்கவில்லை. இருக்கை கிடைத்ததும் கேட்டார்: "மிச்சப் பதினெட்டுப் பேரை எப்ப கூட்டிக்கொண்டு வாறது?"