சோடா தீர்க்குமா?

கேள்வி: நெஞ்சைப் பிசைந்தால் வாயுவா, மாரடைப்பா? ஒரு சோடா குடித்துப் பார்க்கலாமா? (ஒரு மீனவர், கோடியக்கரை)

பதில்: சோடாவுக்கு ஏப்பத்தைத்தான் வெளியேற்றத் தெரியும், இதயத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியை அசைக்கத் தெரியாது. நடுநெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வலை இழுக்காமலே சட்டை தொப்பலாக நனைந்தால் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ‘வெயில் மயக்கம்’ என்று உட்கார்ந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். பைக்கில் ஏற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நடுக்கடலில் வலித்தால், வலையை அறுத்துவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள். வலை வேறு வாங்கிக்கொள்ளலாம்.