அடுத்த மாசம் வந்துடும்

‘அடுத்த மாசம் வந்துடும் சார்’ என்று கடைக்காரர் சொல்லி, இது ஏழாவது அடுத்த மாசம்.

பம்ப்செட், மருந்தடிக்கிற மிஷின், புல் வெட்டுகிற மிஷின் எல்லாம் விற்கும் கடை அது. வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் நின்றுதான் ஏழு மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக் கதவில் ஒரு போஸ்டர். பேட்டரியில் ஓடும் சின்ன செயின்சா. நாலு அங்குல பார். ஒரு சுரைக்காய் கனம்கூட இருக்காதாம். பெட்ரோல் வேண்டாம், டூ-டி ஆயில் வேண்டாம், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழல வேண்டாம். கீழே சிவப்பில் ‘விரைவில்’ என்று போட்டிருந்தது. வெயில் பட்டு அந்தச் சிவப்பு இப்போது ரோஸ் ஆகிவிட்டது.

முன்பணம் ஆயிரம் கட்டியிருக்கிறேன். மாடலுக்கு என்ன பெயர் என்றால், ‘கம்பெனியில இன்னும் வைக்கலை சார்’ என்கிறார். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைப்பார்கள். அங்கேகூட முதலில் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறிவிட்டுத்தான் மொய் நோட்டைத் திறப்பார்கள். இவர்கள் ஆடு வாங்கும் முன்பே மொய் எழுதி முடித்துவிட்டார்கள்.

ஒரு மிஷினுக்கு இந்தத் தவிப்பா என்று கேட்பவர்கள் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மூணு மா நிலத்தில் தோப்பு, எழுபது தென்னை. விடிந்து பார்த்தபோது நின்றவை ஒன்பது. கஜா புயல் அடித்துப்போட்ட மற்றவை அப்பா வைத்த வரிசை கலையாமல் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. தெருவெல்லாம் மரம். ஊரில் இருந்தது ரெண்டே செயின்சா, அதில் ஒன்று ரிப்பேர். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அன்றைக்குப் பார்த்து வலி எடுத்தது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, விழுந்த மரங்களின் மேலே ஏற்றி ஏற்றி இறக்கித் தூக்கிப் போனார்கள். மெயின்ரோடு வரைக்கும் பதினோரு மரம். கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு போனவன் என்பதால் கணக்கு எனக்குத் தெரியும்.

இந்த ரம்பத்தின் பூர்வீகமே பிரசவ அறைதான் என்று பிறகு படித்தேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், பிள்ளை வெளியே வர முடியாமல் தவிக்கும் தாயின் இடுப்பெலும்பை அறுத்து வழிவிட, பல் வைத்த சின்னச் சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்களாம். அதுதான் இதற்கு மூதாதை. பிறகு 1926இல் ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் மர ரம்பம் செய்தார். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். பிரசவத்துக்கு வந்த ரம்பம் காட்டுக்குப் போய், பெருத்து, மறுபடி இளைத்து நாலு அங்குலமாகியும் எங்கள் தெருவுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

ஹெலிகாப்டருக்கு வழி தெரிந்திருந்தது, சேதம் பார்க்க வந்தது. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு விழுந்த தென்னந்தோப்பு பாய் விரித்த மாதிரி நன்றாகத்தான் தெரிந்திருக்கும். பிறகு அரசு கணக்குச் சொன்னது. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500, ஆக 1,100. மூன்று தலைமுறைக்குக் காய்க்கும் மரத்துக்கு 600, அதன் பிணத்தை எடுக்க 500. உயிருக்கும் பாடைக்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம். அந்த ஐந்நூறுக்கு வந்து அறுப்பதற்காவது ஆள் இருந்தானா? மிஷின் வைத்திருந்தவன் வீட்டு வாசலில் மந்திரி வீட்டு வாசலைவிடக் கூட்டம்.

யாரும் கூப்பிடாமல், டோக்கன் வாங்காமல், சொன்ன நாளுக்கு முன்பே வந்தது காண்டாமிருக வண்டு ஒன்றுதான். அறுத்து அகற்றாத தென்னைத் தடி உளுக்க ஆரம்பித்தால் அதற்கு அதுவே பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிட்டது, புழு பெருத்தது. அடுத்த வருஷம் என் ஒன்பது மரத்தின் குருத்திலும் ஏறியது. மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி வெட்டினாற்போல் விரிந்தது. ஒன்பது ஐந்தானது.

இன்றைய செயின்சாவின் பல்லே ஒரு வண்டுப் புழு சொல்லிக்கொடுத்ததுதான். ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தாடையை மாற்றி மாற்றிக் கடிப்பதைப் பார்த்து 1947இல் அந்தச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாங்களும் புழுவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒப்பாரிதான் வந்தது.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் பேப்பரில் போட்டோ வருகிறது. மணல் மூட்டை, ஜேசிபி, வரிசையாக அடுக்கிய மரம் அறுக்கும் இயந்திரங்கள், பின்னால் கைகட்டி நிற்கும் அதிகாரிகள். ‘தயார் நிலையில்’ என்று தலைப்பு. தயார் நிலை வேறு, ஓடும் நிலை வேறு என்பது புயல் வந்தால்தான் தெரியும். செயினுக்கு அரம் போட்டிருக்க மாட்டார்கள். ஆயில் கலக்கத் தெரிந்தவன் லீவில் இருப்பான். பெட்ரோலுக்குப் பில் பாஸாக வேண்டும்.

அப்படியானால் இந்த நாட்டில் ரம்பத்துக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். நிற்கிற மரம் என்று சொல்லிப் பாருங்கள். சாலையை அகலப்படுத்த என்று புளியமரத்துக்கு வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டால், மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆறு மிஷின் வந்து நிற்கும். அரம் போட்ட செயின், முழு டேங்க், கூடவே கிரேன், லாரி. ஏன் ஞாயிறு என்று கேட்கக் கூடாது, கோர்ட்டு லீவு. மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செங்கல் சூளைக்குப் போகிற லாரியை மறித்து, அனுமதி எங்கே என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. செத்த மரத்துக்கு வர மனமில்லாத மிஷின் உயிருள்ள மரத்துக்கு ஓடோடி வருகிறதே, என்ன ருசி அதற்கு? கிடக்கிற மரத்தில் கமிஷன் இல்லை, அவ்வளவுதான். வெட்கங்கெட்ட ரம்பம் என்று திட்டலாம் என்றால், பாவம், அது இரும்பு.

நான் சின்ன மிஷினுக்கு ஆசைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் மரம் அறுக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். வயது இருபத்துநாலு. ஒடிந்த கிளையை இறக்க ஐந்து கிலோ பெட்ரோல் மிஷினை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு மேலே ஏறுவான். கடை நோட்டீஸில் ஒரு வெள்ளைக்காரன் நிற்கிறான்: ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு மூடி, செயின் பட்டாலும் கிழியாத கால்சட்டை, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். தம்பிக்கு மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு, காதில் பஞ்சு, காலில் ரப்பர் செருப்பு. மரம் ஏறும்போது அதையும் கீழே கழற்றி ஜோடியாக வைத்துவிடுவான். இடது முழங்காலுக்கு மேலே கோணலாக ஒரு தழும்பு. பாரின் மூக்கு கிளையில் இடித்து மிஷின் எகிறிய நாளில் வந்தது, பதினாலு தையல். ‘பைக்ல விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னாங்கண்ணே’ என்றான். சொல்லச் சொன்னவர் அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பாதி நாள்தானே அறுத்தான்!

போன வாரம் கடையிலிருந்து போன். ‘சார், நாளைக்கு அறிமுக விழா. அவசியம் வரணும்.’

பதினோரு மணிக்குப் போனேன். கடையைத் தாண்டிப் போய்விட்டேன், அடையாளம் தெரியவில்லை. வேப்பமரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை, இன்னும் ஈரம். அதன்மேல் கூல்டிரிங்ஸ் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். பின்னால் மாடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ், அதில் அந்தச் சின்ன மிஷின் ஆள் உயரத்தில். அறுத்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி ஓரமாக நின்று லுங்கியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

‘போர்டை மறைச்சுது சார்’ என்றார் கடைக்காரர். ‘இருபது நிமிஷ வேலை.’

‘மிஷின்?’

‘டெமோ பீஸ்கூட இன்னும் வரலை. விழாத் தேதி குறிச்சாச்சு, மாத்த முடியுமா? ஏன் வெயில்ல நிக்கிறீங்க?’ என்று உள்ளே போய் ஒரு தொப்பியை எடுத்துவந்து என் தலையில் அவரே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். நெற்றியில் சிவப்பு நூலில் ‘விரைவில்’ என்று தைத்திருந்தது.