ஏணி இருக்கா அண்ணன்?

மோட்டார் சைக்கிளை நிறுத்திய கையோடு அவர் கேட்பது இதைத்தான். படம் வரவில்லையா, வந்தும் கலங்கலா, ஆட்கள் அகலமாகத் தெரிகிறார்களா, எதையும் விசாரிக்கமாட்டார். கெமரா பூட்டுகிற தம்பிக்கு எல்லாப் பழுதும் ஏணி உயரத்தில்தான் இருக்கிறது. அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் அவரைக் காக்கா என்பார்கள், ஆலையடிவேம்பில் தம்பி. கோளாவில், பனங்காடு, தம்பட்டை என்று எங்கே கூப்பிட்டாலும் வருவார். ஏணி மட்டும் கொண்டுவரமாட்டார். அது நாம் பக்கத்து வளவில் இரந்து வாங்கவேண்டியது.

ஏறுவார். சேர்ட் நுனியால் கெமராக் கண்ணாடியைத் துடைப்பார். ஊதுவார். மறுகாவும் துடைப்பார்.

"இப்ப எப்படி?"

"அப்படியேதான் தம்பி."

"வடிவாப் பாருங்க."

வடிவாகப் பார்த்தாலும் அதே புகைதான். கெமராவை ஒரு விரற்கடை திருப்புவார். கேற் மறைந்து தென்னை வந்திருக்கும். மேலே நின்றபடியே ஊர்ச் செய்தியும் வாசிப்பார்: "மாமி, உங்கட குசினிக் கூரையில ரெண்டு ஓடு உடைஞ்சி கிடக்கு!"

போன மாரியில் விடியக்காலை ஒரு கட்டாக்காலி மாடு புகுந்து என் வாழைக் கன்றுகளை முடித்துவிட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தேன். மாடு வருகிறது, தின்கிறது, போகிறது. விலாவில் சுட்ட குறி யாருடையது என்று பெருப்பித்தால் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. ஆனால் டீவியில் நேரடியாகப் பார்க்கும்போது கேற்றுப் பூட்டின் துவாரம்கூடத் தெரிகிறது! நேரில் தெளிவு, பதிவில் புகை என்றால் கெமராவின் கண்ணில் குற்றமில்லை; படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற பெட்டியில் செற்றிங் பிழை. பதிவைப் போனில் இறக்கி விபரத்தைப் பார்த்தேன். கெமரா தருவது 1920க்கு 1080 புள்ளி. பெட்டி எழுதியிருப்பது 352க்கு 288. அதாவது இருபதில் ஒரு பங்கு. பழைய டீவிப் படத்திலேயே கால்வாசி.

காரணம் இல்லாமல் இல்லை. பூட்டுகிற அன்று "ஒரு மாசம் றெக்கோட் நிக்கும் அண்ணன்" என்று வாக்குத் தந்தவர் போட்டுவிட்டுப் போன டிஸ்க் 500 ஜிபி. செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு கெமரா நாளொன்றுக்கு 43 ஜிபி தின்னும். நாலு கெமராவுக்கு அந்த டிஸ்க் மூன்று நாள் தாங்காது. பெரிய டிஸ்க் என்றால் விலை கூடும், வாக்கும் தவறக்கூடாது; ஆகவே படத்தைச் சுருக்கிவிட்டார். வாக்குக் காப்பாற்றப்பட்டது. ஒரு மாதத்துப் புகை என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதில்ல அண்ணன், உப்புக் காத்து," என்று ஏணியைப் பார்த்தார்.

உப்புக் காற்று விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லவேண்டும். வயர் முனையில் பச்சை பூத்திருப்பதைத் தொட்டே சொல்வார். கொட்டுகிற மழையில் இரவு வந்து முனையை வெட்டி மாற்றிவிட்டு, ஒரு பிளேன்ரீயோடு காசு வேண்டாமென்று போனவர். அதனால்தான் வாய்விட்டு ஏசவும் முடியவில்லை.

ஏறினார். துடைத்தார். துடைத்தபடியே, "அண்ணன், உங்கட வாழையத் திண்டது அந்தா வாய்க்கால் கட்டுல நிக்கிற செவலதான். வாயில இன்னும் இலை கிடக்கு," என்றார். விலாக் குறியின் எழுத்தையும் அங்கிருந்தே வாசித்தார். இவரையே கூரையில் பூட்டியிருக்கலாம்.

எனக்கு வேண்டியது பெரிய காரியமில்லை. பெரிய டிஸ்க் நானே வாங்குகிறேன், செற்றிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றவேண்டும். அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். என் காசில் வாங்கி, என் வீட்டுச் சுவரில் தொங்குகிற பெட்டிக்குள் நான் போகமுடியாது என்றால் இது என்ன நியாயம்? பூட்டுகிற எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

"எழுதித் தந்தா துலைச்சிப்போடுவீங்க அண்ணன், என்னட்டையே கிடக்கட்டும். எட்டு மெகாபிக்சல்ல புதுசு ஒண்டு வந்திரிக்கி, போடுவமா?"