வக்கீலின் ஆட்சேபணை

எங்கள் வீட்டுக்குப் பழக்கமானவர்கள் சோபாவில் சட்டென்று உட்கார மாட்டார்கள். பேச்சோடு பேச்சாக உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உட்காருவார்கள். நாசூக்கு தெரிந்தவர்கள், "எனக்கு முதுகுவலிங்க, பிளாஸ்டிக் சேரே போதும்" என்பார்கள். இத்தனைக்கும் காரணம் வக்கீல்.

வக்கீல் எங்கள் பூனை. உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. பிறக்கும்போதே பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வந்தவன். துணைக்கு ஜிலேபி என்று ஒருத்தி. அது நிறத்துக்காக வைத்த பெயர்; குணத்தைப் பார்த்து வைத்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்போம். சென்னையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில், இவர்களோடு நானும் மனைவியும் அம்மாவும் குடியிருக்கிறோம்.

வக்கீல் குட்டியாக வந்த நாளிலிருந்து லிட்டர் பாக்ஸ் என்கிற மணல் பெட்டியில் ஒழுங்காகப் போய், ஒழுங்காக மூடிவிட்டு வந்தவன்தான். ஒரு மழைக்காலத்தில் மனம் மாறினான். முதலில் குளியலறை மிதியடி. பிறகு துவைக்கப் போட்ட துணி. பிறகு எங்கள் மெத்தை. அதுவும் ஓரம் சாரத்தில் இல்லை, நட்டநடுவில்.

பூனை மூத்திரத்தில் ஒரு விசேஷம் உண்டு. போன சூட்டில் அவ்வளவாகத் தெரியாது. அதில் ஃபெலினைன் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. காயக் காய அது சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு வாசனையை வெளியே விடும். அந்த ஃபெலினைன் உருவாவதற்குக் காரணமான புரதத்தை 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பூனையின் மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்த பரம்பரை. ஆகவே சரக்கு எப்போதும் கெட்டி. சம்பவம் நடந்து, குற்றவாளி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் நமக்குச் செய்தி வரும். நவம்பர் மாதத்தில் மெத்தையைக் காயப்போட வெயிலுக்கு எங்கே போவது?

வீட்டில் உடனே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. "கோபம்டா அவனுக்கு" என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போனீங்கல்ல? அதான்." மனைவியின் கட்சி வேறு: "பழைய பிராண்டு சாப்பாட்டை நீங்க மாத்தினதுலேர்ந்துதான்." கீழ்வீட்டு மாமி மாடிப்படியிலேயே நின்று, "ஆபரேஷன் பண்ணிடுங்கோ, சரியாப் போயிடும்" என்றார். அது எப்போதோ ஆகிவிட்டது. கடுவன்களில் பத்துக்கு ஒன்பது, ஆபரேஷனோடு சுவரில் பீய்ச்சுவதை விட்டுவிடுமாம். ஆனால் பீய்ச்சுவது வேறு கலை. நின்றபடி, வாலை உயர்த்தி நடுங்கவிட்டு, சுவரில் கையெழுத்துப் போடுவது அது. நம் ஆள் குந்தி உட்கார்ந்து, நிதானமாக, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு முழுதாகப் போகிறவன்.

இந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். வந்ததும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள், மறுநாள் முகூர்த்தத்துக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த பட்டு வேட்டி நனைந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை விவரிப்பது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க அண்ணன் வந்தா மட்டும்தான் இப்படி" என்று மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள், பூனைக்கு நான் ஜாடை காட்டியது போல. அம்மா வேட்டியை அலசப் போனாள். அன்று இரவு வக்கீலின் தட்டில் ஒரு நெத்திலி கூடுதலாகக் கிடந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கவனித்தால் ஒன்று தெரியும். கோபம், பழி, அவமரியாதை என்று எல்லாருடைய கட்சியிலும் கதாநாயகன் மனுஷன்தான். நம்மை நினைத்துத்தான் அது போகிறது என்று நம்புவதில் நமக்கு ஏனோ ஒரு திருப்தி. வக்கீலைக் காட்டப் போன கால்நடை டாக்டர் அந்தத் திருப்தியைக் கொடுக்கவில்லை. "பூனை பழிவாங்க உச்சா போகாது சார். அதுக்கு அந்த அளவுக்கு உங்க ஞாபகமெல்லாம் இருக்காது" என்றார். வேட்டிக்கும் விளக்கம் சொன்னார்: மெத்தென்று துணி, அதில் ஊர்பேர் தெரியாத வாசனை. ஏற்கெனவே பயந்துபோன பூனை அதன்மேல் தன் வாசனையைப் போட்டால் கொஞ்சம் தெம்பாக உணரும். மச்சானுக்கு இதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று சொல்லவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "சொட்டு சொட்டாப் போறானா, குளமாப் போறானா?" பூனை வளர்க்கிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கேள்வி. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். படிகமோ அடைப்போ மாட்டிக்கொள்ளும். அடிக்கடி குந்தி, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும். குளம் குளமாகப் போய், தண்ணீரும் மொண்டு குடித்தால் சர்க்கரையா, சிறுநீரகமா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தம் கலந்து போனால் மூத்திரப் பையில் அழற்சி. இளம் பூனைகளுக்குப் பெரும்பாலும் அது கிருமியால் வருவதில்லை, மனக்கலக்கத்தில் வருவது. பூனைக்கும் டென்ஷன் உண்டு.

"சாம்பிள் கொண்டு வாங்க" என்றார். மீன்தொட்டிக் கூழாங்கல்லைக் கழுவிப் பெட்டியில் போட்டு, அது உறிஞ்சாமல் விடுவதைச் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். மிதியடி, மெத்தை, பட்டு வேட்டி என்று ஊரெல்லாம் தானம் செய்தவன், கொடு என்று கேட்டதும் கருமியாகிவிட்டான். ராத்திரி முழுக்க நான் ஒரு சிரிஞ்சோடு ஹாலில் உட்கார்ந்திருக்க, அவன் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் டாக்டரே ஊசியால் பையிலிருந்து நேராக எடுத்தார். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

"அப்ப பெட்டியைப் பார்க்கலாம்" என்றார். மனைவி போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். சின்ன வாசல் வைத்த, கூரை போட்ட பெட்டி. கடைக்காரர் அதைப் பிரீமியம் என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். உள்ளே லாவண்டர் மணம் ஊட்டிய மணல். பெட்டி இருந்த இடம் சமையலறைக்குப் பின்னால் பால்கனியில், வாஷிங் மெஷினை ஒட்டி. ஸ்பின் போட்டால் தரையே குதிக்கும். டாக்டர் வீடியோவை நிறுத்தி, மெஷின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"ஜிலேபி."

"எப்பவும் இங்கதான் உட்காருமா?"

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கவனித்தேன். வக்கீல் சமையலறை வரை வந்தான். பால்கனி நிலைப்படியில் ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்று மேலே பார்த்தான். ஜிலேபி சீறவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. வால் நுனியை மட்டும் ஒருமுறை அசைத்தாள். அவன் தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்து, திரும்பி, எங்கள் படுக்கையறையை நோக்கி நடந்தான். எங்கள் வீட்டில் ஒரு சுங்கச்சாவடி இருந்திருக்கிறது.

வாசனை, கூரை, ஒதுக்குப்புறம் மூன்றும் மனுஷ மூக்குக்கும் கண்ணுக்கும் பார்த்துப் போட்டவை. ஒரே வாசல் உள்ள கூண்டுக்குள் போய்க் குந்தினால், எதிரி வந்தால் தப்ப வழியில்லை என்று பூனைக்குத் தெரியும். "கொல்லையில விட்டா ஒரு நிமிஷ வேலை" என்றாள் அம்மா. மூன்றாவது மாடிக்குக் கொல்லை ஏது? யோசித்தால் லிட்டர் மணலுக்கும் சுதந்திர இந்தியாவுக்கும் ஒரே வயது. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில், சாம்பலைப் போட்டு வீட்டை நாசம் செய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எட்வர்ட் லோ என்பவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்ததில் ஆரம்பித்த வியாபாரம் அது. அந்த மண், நம் ஊரில் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டியின் சொந்தக்காரன்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் பூனைகள் வெளியே போய்விட்டு வந்தன, வீட்டுக்காரர்களும் சோபாவைத் தடவாமல் உட்கார்ந்தார்கள்.

சுத்தம் செய்வதிலும் டாக்டர் தலையிட்டார். அம்மா தினமும் பினாயில் போட்டுத் துடைத்து, மேலே சாம்பிராணியும் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் மூத்திரத்தோடு கலந்து, வீடு கோயில் மதிலுக்குப் பின்னாலிருக்கிற சந்துபோல மணத்தது. பினாயிலில் உள்ள ஃபீனால் வகையைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. மிதித்த பாதத்தை நக்கினாலே விஷம். மூலையில் உருட்டி வைத்திருந்த அந்துருண்டையும் அப்படியே. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேல் கொட்டினால் கிளம்பும் நெடி நமக்கே ஆகாது. என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி, ஊறவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். அந்த மணம் அடியோடு போகாத வரை, அந்த இடத்துக்குப் பட்டா தன் பெயரில்தான் இருக்கிறது என்று பூனை நினைத்துக்கொண்டிருக்கும்.

பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று என்பது பெட்டிக் கணக்கு. ஆக மூன்று. ஒவ்வொன்றும் பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், கூரை கூடாது, மணல் வாசனை இல்லாததாக இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியாத இடமாக இருக்க வேண்டும். பாத்திரக் கடையில் துணி ஊறவைக்கிற அகல டப்களாக வாங்கி வந்தோம். கடைக்காரர், "வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். ஒன்று பால்கனியில், மெஷினுக்கு எட்டாத மூலையில். ஒன்று ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செய்தி பார்க்கும்போது தலைப்புச் செய்திகளுக்குப் பின்னணியாக மணல் கீறும் சத்தம் கேட்கும். மூன்றாவதுக்கு இடம் அம்மாவின் அறை. "பூஜை அலமாரி இருக்கிற ரூம்ல இதையா?" என்று முதல் நாள் சாப்பிடாமல் படுத்தாள்.

வக்கீல் அந்த மூன்றாவது டப்பைத்தான் தேர்ந்தெடுத்தான். ஜிலேபிக்கு அம்மாவிடம் கொஞ்சம் பயம்.

மணல் கட்டிகளின் எண்ணிக்கையையும் பருமனையும் கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த இலாகாவை அம்மா எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் கரண்டியோடு குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வாள். என் சித்தியோடு போனில் பேசும்போதுகூட, ராசிபலனுக்கு முன்னால் இதுதான். "நேத்து ரெண்டு, எலுமிச்சம்பழ சைஸ். இன்னைக்கு மூணு, ஆனா சின்னது. மழைல்ல, தண்ணி சரியாக் குடிக்கல பிள்ள."

நேற்று காப்பி கொண்டுவந்து வைத்தவள், நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் காலையிலேயே ரெண்டு தடவை போயிட்டான். நீ எழுந்ததுலேர்ந்து ஒரு தடவைதான் போயிருக்க. தண்ணி குடிச்சியா இல்லையா?"