மலிவு விலை ரோல்ஸ் ராய்ஸ்: ஓர் ஆய்வு

சொகுசுக் கார் ஒன்றின் விலை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வரும் என்பதும், அந்தச் செய்தி அதன் உதிரிபாகங்களுக்கு மட்டும் எட்டுவதே இல்லை என்பதும் மோட்டார் வாகனப் பொருளாதாரத்தின் இரு அடிப்படை உண்மைகளாகும். இவற்றுள் முதலாவதை மட்டும் அறிந்தவர் இளம் ஆர்வலர் எனப்படுகிறார். இங்கிலாந்தில், இருபத்தைந்து வயதை ஒட்டிய, சொந்த வீடில்லாத, ஆனால் சொந்தமாக ஒரு ஸ்பேனர் செட் வைத்திருக்கும் இத்தகையவர், புதிய சின்னக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைந்த தொகைக்கு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டதும், அதன் அருமை ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஊராருக்கு அதன் அருமையும் தெரியும், அதன் பிரேக்கும் தெரியும் என்பது முன்பணம் கைமாறிய பிறகே விளங்குகிறது.

சில்வர் ஷேடோ 1965 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, இங்கிலாந்தின் குரூ நகரத் தொழிற்சாலையில் 1980 வரை தயாரிக்கப்பட்டது. தனியான அடிச்சட்டத்தின்மேல் உடலைத் தூக்கி வைத்துப் பூட்டும் பழைய முறையைக் கைவிட்டு, சட்டமும் தகடும் ஒன்றேயாக அமையும் மோனோகாக் என்னும் முறையில் இந்நிறுவனம் செய்த முதல் கார் இதுவே; இத்தகைய காரில் தகடு துருப்பிடித்தால் கெடுவது தோற்றம் மட்டுமன்று, காரைத் தாங்கி நிற்கும் எலும்பும்தான் என்பதை அன்று வாங்கியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. எட்டு சிலிண்டர் என்ஜினின் கொள்ளளவு 6,230 கன சென்டிமீட்டராக இருந்து, 1970இல் 6,750 ஆக உயர்ந்தது. அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டவர்களிடம் நிறுவனம் எண் எதையும் வெளியிடாமல், போதிய அளவுக்கு இருக்கிறது என்றே சொல்லிவந்தது. சாதாரண வீடு ஒன்றின் விலையைத் தாண்டிய காரை வாங்க வந்தவர்கள் அதற்குமேல் கேட்பது மரியாதையாக இராது என்று எண்ணியிருக்கலாம். இந்தக் காரை வாங்கித் திவாலாவது பிற்கால வழக்கம். தயாரித்த நிறுவனமே 1971 பிப்ரவரியில் திவாலானது. ஆனால் அதற்குக் காரணம் காரன்று, ஆர்.பி. 211 என்னும் விமான என்ஜினை உருவாக்க ஆன செலவு என்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். கார்ப் பிரிவு தனியே பிரிக்கப்பட்டுத் தப்பித்துக்கொண்டது.

முதல் உரிமையாளர் பெரும்பாலும் செல்வர். குயின் இசைக்குழுவின் பிரெடி மெர்குரியிடம் 1974ஆம் ஆண்டுக் கார் ஒன்று இருந்தது. அடுத்தடுத்த உரிமையாளர்கள் படிப்படியாக வசதி குறைந்தவர்களாக அமைய, காருக்கான பராமரிப்பும் அதே படிகளில் இறங்கிவருகிறது. இடையில் பல கார்களுக்குத் திருமண வாடகைப் பருவம் ஒன்று வாய்க்கும். அப்பருவத்தில் கார் வெள்ளை வண்ணம் பூசிக்கொள்கிறது, ரிப்பன் கட்டிக்கொள்கிறது, தேவாலயத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் இடைப்பட்ட தொலைவுக்குமேல் ஓடுவதில்லை. பிறகு ஒரு கொட்டகை. இளம் ஆர்வலர் வந்து சேர்வது இந்தக் கொட்டகைக்குத்தான். விற்பவரோ, கடைசியாக ஓட்டியபோது நன்றாகவே ஓடியது என்கிறார். அந்தக் கடைசி எந்த ஆண்டு என்று கேட்பது பேரத்தின் இலக்கணத்தில் இல்லை.

பழைய கார் வாங்கச் செல்பவர் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருக்க வேண்டும் என்பது புத்தகங்களில் காணப்படும் அறிவுரை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தைச் சரியாக டிங்கரிங் செய்யாமல், பட்டி எனப்படும் பசையை அப்பித் தேய்த்து வண்ணம் அடித்திருந்தால், அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. இரும்புத் தகடாக இருந்தால் ஒட்டும். இந்தச் சோதனையை நம்பி இளம் ஆர்வலர் முதலில் முன்கதவில் காந்தத்தை வைக்கிறார்; அது நழுவிக் கீழே விழுகிறது. பின்கதவில் வைத்தாலும் விழுகிறது, பானட்டிலும் விழுகிறது, டிக்கி மூடியிலும் விழுகிறது. முழுக் காரும் பட்டியாலேயே ஆனது என்று அவர் வெலவெலத்துப்போகும் நேரத்தில், சில்வர் ஷேடோவின் கதவுகளும் பானட்டும் டிக்கி மூடியும் அலுமினியக் கலவையால் ஆனவை என்பது அவருக்குத் தெரியவருகிறது. இந்த ஆறுதலில் மனம் குளிர்ந்து, காந்தம் விழுந்தால் அது அலுமினியம் என்ற புதிய கோட்பாட்டோடு அவர் பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுக்கும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிப்பட்டைக்கும் வந்து சேர்கிறார். அவை இரண்டும் எஃகு. காந்தம் அங்கும் விழுகிறது. அவர் அங்கும் மகிழ்கிறார். விற்பவர் அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் செய்யப்படும் வேலை, காரிலேயே பழுதாகாத ஒரே பகுதியைத் துடைப்பதாகும். முன்னால் கோயில் முகப்புப்போல் நிற்கும் கிரில் துருப்பிடிக்காத எஃகால் கையால் செய்யப்பட்டது. கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பண்டைய கிரேக்கச் சிற்பிகள் தூண்களைச் சற்றே புடைக்கச் செய்த உத்தி, என்டாசிஸ் எனப்படுவது, அதன் பட்டைகளிலும் கையாளப்பட்டிருக்கிறது. அதன் உச்சியில் நிற்கும் பறக்கும் மங்கை சார்லஸ் சைக்ஸ் என்னும் சிற்பி 1911இல் வடித்த வடிவம். இரண்டு நாள் துடைத்தால் இவையெல்லாம் பளபளக்கின்றன, புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன, மறுசீரமைப்பு பாதி முடிந்துவிட்டதாக உறவினர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. மீதிப் பாதி பிரேக்.

சில்வர் ஷேடோவின் பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இளம் ஆர்வலர்களின் சேமிப்பு போய்ச் சேரும் இடம் அதுதான். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட இந்த அமைப்பில், ஓட்டுபவரின் காலுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, என்ஜினால் இயங்கும் இரண்டு பம்புகள் பிரேக் ஆயிலை ஒரு சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு வரையிலான அழுத்தத்துக்கு ஏற்றி வைக்கின்றன. சாதாரணக் கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 30 பவுண்டு. ஏற்றிய அழுத்தம் அக்குமுலேட்டர் எனப்படும் இரண்டு உருண்டைகளில் சேமிக்கப்படுகிறது. உருண்டைக்குள் ரப்பர்ச் சவ்வு ஒன்றும் அதன் மறுபுறம் நைட்ரஜன் வாயுவும் இருக்கும். டிக்கியில் பெட்டிகளை அடுக்கினாலும் காரின் பின்புறம் தாழாமல் சமன் செய்வதும் இதே அழுத்தம்தான். இத்தனையும் ஒழுங்காக வேலை செய்தால், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கார், பெடலை விரலால் தொட்டதுபோல் தொட்டாலே நின்றுவிடும்.

ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. என்ஜினை ஓடவிட்டு, முன்பலகையிலுள்ள இரண்டு எச்சரிக்கை விளக்குகளும் அணைந்த பிறகு, என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்ட நிலையில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ண வேண்டும். நல்ல அக்குமுலேட்டராக இருந்தால் எண்ணுபவருக்குச் சலிப்புத் தட்டும்வரை விளக்கு எரியாது. நைட்ரஜன் வெளியேறியிருந்தால் எண்ணத் தொடங்குவதற்குள் எரிந்துவிடும். இச்சோதனையைக் காரை வாங்குவதற்கு முன்பே செய்திருக்கலாமே என்ற கேள்வி எழும். செய்திருக்கலாம்தான்; ஆனால் அன்று கையில் காந்தம் இருந்தது.

இந்த அமைப்புக்கு ஆர்.ஆர். 363 என்ற தனி பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்; பம்புகளுக்கு உயவும் அதுவே என்பதால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை ஊற்றுவது கூடாது. 1980இல் வந்த அடுத்த வகைக் கார்களான சில்வர் ஸ்பிரிட்டுக்கோ கனிம எண்ணெய். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றிவிட்டால் உள்ளேயுள்ள ரப்பர் சீல்கள் ஒன்றுவிடாமல் கெட்டு, முழு அமைப்பையும் பிரித்துப் போட நேரும். ஆர்.ஆர். 363 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வப்போது மாற்றப்பட வேண்டும். திருமண வாடகைப் பருவத்தில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அது வண்ணப்பூச்சையும் கரைக்கும் என்பதால், காற்றை வெளியேற்றுவதற்காக நிப்பிளைத் திறந்து மூடும் வேலை முடிவதற்குள், அடுத்து எந்தப் பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பதும் தானாகவே தீர்மானமாகிவிடுகிறது.

கியர் பெட்டியின் கதை இதற்கு நேர்மாறானது. 1968க்குப் பின் வந்த எல்லாக் கார்களிலும் இருப்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மூன்று வேகத் தானியங்கிக் கியர் பெட்டி. காடிலாக் காரிலும் ஜாகுவார் எக்ஸ்.ஜே. 12இலும், ஏன், ஃபெராரி 400இலும்கூட இருந்தது இதுதான். லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் அதற்கான உதிரிபாகங்கள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன, ஆகவே அது பழுதாவதில்லை. ஆனால் உலகமே நம்பும் அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட மனமில்லாமல், கியர் கம்பியை அசைப்பது எசமானருக்குச் சிரமம் என்று கருதி, அந்த வேலையைச் செய்ய ஒரு சிறிய மின்மோட்டாரை இடையில் பொருத்தியது ரோல்ஸ் ராய்ஸ். அந்த மோட்டார் படுத்துவிட்டால், போட்ட கியரிலேயே கார் நின்றுகொள்ளும். அது ரிவர்ஸாக இருப்பதும் உண்டு.

உள்ளே வால்நட் மரத் தகடு உரிவது, தோல் இருக்கை வெடிப்பது போன்றவை பணம் இருப்பவர்களின் கவலைகள் என்பதால் இங்கே விரித்துரைக்கப்படவில்லை. கடிகாரத்தை மட்டும் விட்டுவிட இயலாது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் ரோல்ஸ் ராய்ஸில் கேட்கும் மிகப் பெரிய ஓசை அதன் மின்கடிகாரத்தினுடையதே என்ற பொருளில் டேவிட் ஓகில்வி 1958இல் ஒரு விளம்பரம் எழுதினார். அது இதற்கு முந்திய சில்வர் கிளவுட் காருக்கானது. இளம் ஆர்வலரின் காரில் அக்கூற்றைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் கடிகாரம் ஓட வேண்டும், அடுத்து கார் ஓட வேண்டும், பிறகு புகைபோக்கியிலுள்ள ஓட்டை அடைபட வேண்டும்.

அரசின் நிலைப்பாடு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. 40 ஆண்டு நிரம்பிய வாகனங்களுக்குப் பிரிட்டனில் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாதிருந்தால், தமிழ்நாட்டில் எஃப்.சி. என்று சொல்லப்படுவதற்கு இணையான எம்.ஓ.டி. சோதனையும் 2018 மே மாதம் முதல் அவற்றுக்குக் கட்டாயமில்லை. லிட்டருக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் இந்தக் காரை, இதைவிடப் புதிய கார்கள் பலவும் அஞ்சும் லண்டன் மாசுக் கட்டண மண்டலமும் பழமையை மதித்துக் கட்டணமின்றி உள்ளே விடுகிறது. அதாவது, சோதனை மிகவும் தேவைப்படும் வயதில் சோதனை நின்றுவிடுகிறது. அரசு காட்டாத கண்டிப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் காட்டுகின்றன. பழைய கார்களுக்கான சலுகைக் காப்பீடு கேட்டால், வயது 25 ஆகட்டும் என்கின்றன, அன்றாடம் ஓட்ட வேறொரு கார் சொந்தமாக இருக்க வேண்டும் என்கின்றன, இரவில் பூட்டிய கொட்டகைக்குள் நிற்க வேண்டும் என்கின்றன. அந்த வேறொரு காரை விற்ற பணத்தில்தான் இந்தக் காரே வந்தது என்பதைக் குறிப்பதற்கு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

1957இல் தொடங்கப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் கழகம், நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்துப் பாலர்ஸ்பரி சிற்றூரில் ஹன்ட் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தலைமையகமாகக் கொண்டு, பழுதுபார்ப்பு வகுப்புகளையும் நடத்துகிறது. இத்தகைய கூட்டங்களில், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு நடுவே பிரேக் ஆயில் படிந்த விரல்களோடு அமர்ந்திருக்கும் இளைஞரை எளிதில் அடையாளம் காணலாம். பெரியவர்கள் அன்பானவர்கள், தெரிந்ததை மறைக்காமல் சொல்லித்தருபவர்கள். ஆயினும் நல்ல நிலையிலுள்ள காரை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்பதைத் தேநீர் இடைவேளைதோறும் நினைவூட்டாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை.

அவர்களே காட்டித்தரும் மற்றொரு வழிதான் உதிரிபாகக் கார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது சில்வர் ஷேடோவுக்கு அப்படியே பொருந்தும். ஓடாத கார் ஒன்றைப் பிரித்து, கிரில், பம்பர், இருக்கை, பம்பு எனத் தனித்தனியாக விற்றால் முழுக் காருக்குக் கிடைத்ததைவிட அதிகம் தேறும் என்பதால், பிரித்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களிடம் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட ஓடாத கார் ஒன்றையே வாங்கி அருகில் நிறுத்திக்கொள்வது சிக்கனம் என்று இளம் ஆர்வலர் கணக்குப் போட்டு, கடன் வாங்கி, அதையும் செய்துவிடுகிறார். இரண்டாவது கார் வந்து இறங்கிய மாலையில் காந்தம் மீண்டும் வெளியே எடுக்கப்படுகிறது. இம்முறை பின்சக்கர வளைவில் அது டக்கென்று ஒட்டிக்கொள்கிறது, அடிப்பட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆக, எலும்பு நன்றாக இருப்பது இரண்டாவதில், பிரேக் புதிதாக இருப்பது முதலாவதில். எதைப் பிரித்து எதில் பூட்டுவது என்பதில் கழகத்துப் பெரியவர்களிடையே இரு கட்சிகள் தோன்றியுள்ளன. முடிவு ஏற்படும்வரை கொட்டகை வாடகை இரண்டு காருக்கும் சேர்த்து ஒன்றாந்தேதி கட்டப்படுகிறது.