வம்சத்தைவிட தெர்மாமீட்டர் முக்கியம்

கேள்வி: குழந்தைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோய் பரம்பரையாக வருமா?

பதில்: பாட்டன் சொத்துபோல நேராகக் கைக்கு வராது, வருவதற்கான வாய்ப்பு மட்டும் கூடும். ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1961-இல் இந்நோய் கண்ட முதல் குழந்தையைப் பார்த்து, 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஜப்பானில் இது அதிகம். ஹவாயில் பிறக்கும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளிடமும் அதிகம். தாத்தா கப்பலேறியபோது மரபணு டிக்கெட் இல்லாமலே கூட வந்துவிட்டது! ஐ.டி.பி.கே.சி. என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு, நோயெதிர்ப்புச் செல்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதாக 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அது உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே வம்சத்தை விசாரிக்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். விடாத காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பில் தடிப்பும் சேர்ந்தால் ஐந்தாம் நாள்வரை காத்திருக்காதீர்கள்; குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் செலுத்தினால் இதயத் தமனிகள் பெரும்பாலும் தப்பிவிடும்.